அப்பாவின் பங்கு

டிசம்பர் 2

அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வராதீர்கள்.

இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் பயத்தில் விட்டுவிடுவேன். நேற்று அம்மா என்னை உட்காரவைத்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். எல்லோரும் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறோம், பன்றிக்குக்கூடச் சொல்லிவைத்தாயிற்று என்றெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அதில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. கொசுவலைக்குள் கவிழ்ந்து படுத்து, ஜன்னலில் தொங்கும் நட்சத்திர விளக்கின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அது எரியும்போது எழுதுகிறேன், அணையும்போது அம்மாவின் மூச்சைக் கேட்கிறேன்.

சிஸ்டர் பெனிக்னா புதனும் சனியும் உங்கள் மறுவாழ்வு இல்லத்துக்கு வருகிறாரே, அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் பிரித்துப் பார்க்க மாட்டார். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள். வீட்டுக்கு எழுதினால் நான் செத்தேன்.

தாசியோ சித்தப்பா நீங்கள் வருவதற்குப் பெரிய ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். மரம் ஏறுகிறவரிடம் பட்டை போட்டு ஊறவைத்த பழைய சிவப்புக் கள்ளுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டார். நேற்று நம் வீட்டுப் படியில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டிக்கொண்டே சொன்னார்: "மூணு மாசமா எங்கண்ணனை மலைமேல பூட்டி வெச்சு வெறும் கஞ்சியா ஊத்தியிருக்கானுங்க. மனுஷன் நாக்கு செத்துப் போயிருக்கும். பண்டிகை அன்னிக்கு நோய் கிடையாது, நொடி கிடையாது. அன்னிக்கு ஏசுவே லீவு."

அம்மா சிரித்தாள். "ஒரு கிளாஸோட விட்டுடணும், தாசியோ" என்றாள். அவள் கண்டித்தது அவ்வளவுதான்.

போன கிறிஸ்துமஸ் உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் இருக்கிறது. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் நீங்களும் சித்தப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் வட்டமாக உட்கார்ந்தீர்கள். பாட்டு மெஷினில் நீங்கள் பாடும்போது உங்கள் கால்சட்டை நனைந்திருந்தது. அது உங்களுக்குத் தெரியவில்லை. பார்த்த மற்றவர்கள் கை தட்டினார்கள். அம்மா பச்சரிசிப் பலகாரத்தை ஆறவைத்திருந்த தட்டில் வாந்தி எடுத்தீர்கள். நாய் வந்து அதைத் தின்றது. "விடு, நாய்க்கும் கிறிஸ்துமஸ்தானே" என்றார் சித்தப்பா. எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள். மூங்கில் தரையின் இடுக்கில் போனதை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தது நான். இப்போதும் மழை பெய்து தரை ஈரமானால் அந்த நாற்றம் வருகிறது. எனக்கு மட்டும்தான் வருகிறதாம், அம்மா சொல்கிறாள்.

எனக்கு உங்கள்மேல் பாசம் இருக்கிறதா என்று கேட்டால் இப்போது பதில் தெரியவில்லை. குமட்டல் இருக்கிறது. தயவுசெய்து வராதீர்கள்.

ஜெனலின்


டிசம்பர் 6

ஜெனலினுக்கு,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். இந்த இல்லத்தில் ஆள் தனியாக இருக்க அது ஒன்றுதான் இடம். படித்து முடித்ததும் அதை அங்கேயே போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு கோபம். பெற்ற மகள் அப்பனுக்கு, பண்டிகைக்கு வீட்டுப் படி ஏறாதே என்று எழுதுகிற காலம் வந்துவிட்டது. என் அப்பா என்னைக் கட்டிவைத்து அடித்தவர். அவருக்குக்கூட நான் இப்படி ஒரு வரி எழுதியதில்லை.

நான் இங்கே என்ன விடுமுறைக்கா வந்திருக்கிறேன்? விடிவதற்கு முன்னால் எழுப்பி ஓடவிடுகிறார்கள். படகு எஞ்சினைப் பிரித்து மாட்டிய கையில் துடைப்பத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் நாற்பது வயது ஆட்கள் வரிசையில் நின்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் பழகுகிறோம். மரம் ஜோடிக்கக் காலி பாட்டில்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். குடிகாரர்களிடம் பாட்டிலைக் கொடுத்து அழகாக அடுக்கச் சொல்கிற புத்திசாலிகளிடம்தான் என்னை ஒப்படைத்திருக்கிறீர்கள். ஒருவன் அதில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான். அதில் இருந்தது ஆரஞ்சு ஜூஸ். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். பிறகு எங்கள்மேலேயே எங்களுக்கு வெறுப்பாகிவிட்டது.

செப்டம்பரிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

உனக்குப் பயமாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், கேள். நான் ஏற்கெனவே யோசித்து வைத்துவிட்டேன். வட்டத்தில் நான் ஊற்றுகிறவனாக உட்கார்ந்துவிடுவேன். இருப்பது ஒரே கிளாஸ். ஊற்றிக் கொடுக்கிறவன் கையில்தான் அது இருக்கும். யாருக்கு எவ்வளவு, எவன் முறை, எல்லாம் அவன் கணக்கு. மற்றவர்களைக் கவனிக்கிற வேலையில் அவன் குடித்தானா இல்லையா என்று எவனும் பார்க்க மாட்டான். தம்பி மனமும் நோகாது, என் வாயும் நனையாது. உன் அப்பனுக்கும் மூளை இருக்கிறது.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. அவள் பாவம்.

அப்பா


டிசம்பர் 9

அப்பாவுக்கு,

ஊற்றுகிறவர்தான் முதல் கிளாஸைக் குடிக்க வேண்டும். கள்ளில் எதுவும் கலக்கவில்லை என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக. இது நம் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும், தண்ணீர் வைத்து விளையாடும்போதுகூட அப்படித்தான் விளையாடுவோம். உங்களுக்கு மறந்துவிட்டதா, இல்லை எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? இரண்டில் எது என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். எதுவாக இருந்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

போன தடவை நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரியும், தெரிந்தே பேசாமல் இருக்கிறீர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தெரியாது போலிருக்கிறது.

நாய் தின்றதற்குப் பிறகும் நீங்கள் எழுந்திருக்கவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டீர்கள். கிளாஸ் சுற்றி உங்களிடம் வந்தது. சித்தப்பா உங்களை உலுக்கிப் பார்த்தார். பிறகு, "அண்ணன் பங்கைத் தாண்டக்கூடாது. யாராவது பிடிங்க" என்றார். ஒருவரால் முடியாவிட்டால் இன்னொருவர் அவருக்காக வாங்கிக் குடிப்பதைத்தான் பிடிப்பது என்பார்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அப்போது துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இந்தாய், நீ வா" என்று, வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டார். "நீதானே அவரு ரத்தம். நீ பிடி."

"சின்னப் பொண்ணுப்பா" என்று அவருடைய கூட்டாளி ஒருவர் சொன்னார்.

"வயசுக்கு வந்தாச்சுல்ல. அப்பன் பங்கை மக குடிக்காம ஊரான் மகளா குடிப்பா?"

அந்தக் கிளாஸின் விளிம்பில் அத்தனை பேர் உதட்டின் பன்றிக்கொழுப்பும் வெள்ளையாக உறைந்திருந்தது. உள்ளே ஒரு கொசு மிதந்தது. நான் குடித்தேன். அவர்கள் மேசையைத் தட்டினார்கள். அம்மா சமையலறையிலிருந்து பார்த்தாள். அப்போது நீங்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "அப்படித்தான், எம் பொண்ணு" என்றீர்கள். பிறகு மறுபடி படுத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அந்த வருஷத்திலேயே அது ஒன்றுதான்.

ஜெனலின்


டிசம்பர் 12

ஜெனலினுக்கு,

எனக்கு ஞாபகம் இல்லை.

இதை எழுதவே கூசுகிறது. இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். கூட்டத்தில் ஒவ்வொருவனாக எழுந்து நின்று, பெண்டாட்டி பல்லை உடைத்தது ஞாபகம் இல்லை, பிள்ளையைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வந்தது ஞாபகம் இல்லை என்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும்போது, சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று நினைப்பேன். நான் இவர்களில் சேர்த்தி இல்லை, சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றும் நினைப்பேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

உன்னிடம் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் என்னைச் சமையலறையில் போட்டார்கள். மீனை ஊறவைக்கக் காடி எடுத்துத் தரச் சொன்னார் சமையல்காரர். கள்ளைப் புளிக்கவிட்டுச் செய்த காடி. மூடியைத் திறந்தேன். பிறகு என்ன நடந்தது என்றால், அவர் என் தோளில் தட்டும்வரை பாட்டில் வாயில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வாயில் எச்சில் ஒழுகியிருந்தது, சட்டையில் பட்டிருந்தது. "ரொகேலியோ, மீனுக்கும் கொஞ்சம் மிச்சம் வைய்யா" என்றார். அவர் நல்லவர், வேறு யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஆலோசகர் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். டிசம்பரில் இப்படித்தான் இருக்கும் என்றார். பாட்டு, வாசனை, குளிர்ந்த காற்று எல்லாமே உடம்புக்குப் பழைய ஞாபகம், மனசு மறந்தாலும் உடம்பு மறக்காது என்றார். ஜனவரியில்தான் இல்லம் நிரம்பி வழியுமாம். பண்டிகைக்கு ஆசையாகக் கூட்டிப்போகிற சொந்தக்காரர்களே பண்டிகை முடிந்ததும் தூக்கிக்கொண்டுவந்து போடுவார்களாம்.

வேண்டாம் என்று சொல்ல இங்கே பழக்குகிறார்கள். ஒருவன் தாசியோ மாதிரி நடித்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவான். "என்னய்யா, எங்களைவிட ஒசத்தியாயிட்டியா? எங்ககூட குடிக்க மாட்டியா?" என்பான். நாங்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முதலில் சொன்னேன். அவன் விடாமல் கெஞ்சினான், தோளில் கை போட்டான். என்னை அறியாமல் வாங்கிக் குடித்துவிட்டேன். வெறும் தண்ணீர்தான். ஆனால் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இருந்தாலும் வருவேன், மகளே. உன் அம்மா வந்து உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், வீட்டில் குடி இருக்காது என்று. நான் வராவிட்டால் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். கிளாஸ் வந்தால் வேண்டாம் என்பேன். இன்னும் நாள் இருக்கிறது, பழகிவிடுவேன்.

அப்பா


டிசம்பர் 16

அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது விடிகாலைப் பூசைகளில் இன்று முதலாவது. அம்மாவும் நானும் போனோம். கோயில் வாசலில் எல்லோரும் அம்மாவிடம், "வர்றாராமே, வர்றாராமே" என்று கேட்டார்கள். அவள் கல்யாணப் பெண் மாதிரி தலையை ஆட்டினாள்.

திரும்பி வரும்போது, "அப்பா வரலைன்னா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். நடு ரோட்டில் அறைந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்னடி தெரியும்" என்றாள். "மொத கிளாஸ் உள்ள போனதும் உங்கப்பா எங்கிட்ட பேசுவாரு. டெல்யான்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. மத்த நாளெல்லாம் எஞ்சினோட பேசுற மனுஷன். அந்த ஒரு கிளாஸ் நேரந்தான் எனக்குப் புருஷன்."

"அப்புறம் மத்த கிளாஸெல்லாம்?"

"அது ஊருக்கு."

இதைக் கேட்டு அழுகை வர வேண்டும், இல்லையா? எனக்கு வரவில்லை. உங்கள் எல்லோரையும் பார்த்தால் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அவள் கையெழுத்துப் போட்டதை நீங்கள் நம்புகிறீர்கள். கள் ஏற்கெனவே வந்துவிட்டது. சித்தப்பா ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து வீட்டைத் தாங்குகிற தூண்களுக்கு நடுவே, தரைக்கு அடியில், நான் படுக்கிற இடத்துக்கு நேர் கீழே வைத்திருக்கிறார். வீட்டுக்குள் இல்லையாம், அதனால் பத்திரத்தில் எழுதியது பொய்யில்லையாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மூடியில் துணி கட்டியிருந்தும் மூங்கில் இடுக்கு வழியாக வாசனை மேலே வருகிறது.

அதைக் கொட்டிவிட நேற்று கீழே இறங்கினேன். துணியை அவிழ்த்தேன். கொட்டவில்லை, அப்பா. விரலை விட்டு நக்கினேன். கசந்தது, துப்பினேன், மறுபடி விரலை விட்டேன். போன வருஷம் அந்தக் கிளாஸைக் குடித்த பிறகு உடம்பெல்லாம் கதகதப்பாகி, நாற்றம் தெரியாமல், சத்தம் கேட்காமல் தூங்கினேன். அந்தத் தூக்கம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு என் வாயைப் பிடிக்கவில்லை.

இப்போது நான் சொல்வதைச் சரியாகப் படியுங்கள். நீங்கள் வந்து குடித்தால் கெட்டுப்போவீர்கள். நீங்கள் வந்து வேண்டாம் என்று சொன்னால், யாராவது உங்கள் பங்கைப் பிடிக்க வேண்டும். சித்தப்பா இப்போதே என்னைப் பார்க்கும்போதெல்லாம் கிளாஸ் பிடிக்கிற மாதிரி கையைக் காட்டுகிறார். "போன வருஷம் ஒண்ணு, இந்த வருஷம் ரெண்டு" என்கிறார். நீங்கள் எவ்வளவு நன்றாக வேண்டாம் என்று சொல்லிப் பழகினாலும் அந்தக் கிளாஸ் நேராக என்னிடம்தான் வரும். நீங்கள் வராவிட்டால் மட்டும்தான் உங்கள் பேருக்கு ஊற்ற மாட்டார்கள். வட்டத்தில் இல்லாதவனுக்குப் பங்கு கிடையாது.

அதனால்தான் வராதீர்கள் என்கிறேன். குடித்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இல்லை. குடித்தால் பிடித்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

ஜெனலின்


டிசம்பர் 20

ஜெனலினுக்கு,

நான் வரவில்லை.

ஆலோசகர் அம்மாவிடம் போய், என்னை வெளியே விடாதீர்கள் என்றேன். "வீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே" என்றார். ஜாடி எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அவர் பத்திரத்தை எடுத்து இரண்டாக மடித்து மேசைக்குள் போட்டார், என்னைப் பார்க்கவில்லை. கூட இருக்கிறவர்கள், "என்னப்பா, பொண்டாட்டி தொரத்திட்டாளா?" என்று கேலி செய்தார்கள். ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் உன்னை வெறுத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். டெல்யா என்று தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற புருஷனுக்காக உன் அம்மா காத்திருப்பதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். நீ விரலை நக்கியதைப் படித்த இடத்தில் வெறுப்பு உன்னைவிட்டு என்மேல் திரும்பிவிட்டது. நான் முதலில் நக்கியதும் என் அப்பாவின் ஜாடியில்தான்.

தாசியோவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அண்ணன் வரவில்லை, அவன் பங்கு வேண்டாம் என்று. அவன் எனக்குத் தம்பி. கேட்பான்.

உன் அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ எதுவும் சொல்லிக்கொள்ளாதே, நானே எழுதுகிறேன்.

அப்பா


டிசம்பர் 25

அப்பாவுக்கு,

நான் சொன்னது தப்பு. நீங்கள் நம்பியதும் தப்பு. வராதவனுக்கும் ஊற்றுவார்கள்.

நீங்கள் சொல்லி அனுப்பியது சித்தப்பாவுக்கு வந்தது. எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிக் காட்டினார். "எங்கண்ணன் சாமியாராயிட்டாரு" என்றார். அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும். நீங்கள் எழுதவே இல்லை போலிருக்கிறது. அவள் கையில் நூடுல்ஸ் கரண்டி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பூசை முடிந்து வட்டம் உட்கார்ந்ததும் சித்தப்பாவே ஊற்றினார். முதல் கிளாஸைத் தான் குடித்தார். எல்லோருக்கும் போய் முடிந்ததும் காலியாக இருந்த உங்கள் நாற்காலிக்கு நேராக ஒரு கிளாஸை நிரப்பினார்.

"ஆளு இல்லைன்னா என்ன, பங்கு இருக்குல்ல" என்றார். "இந்தாய்."

நான் சமையலறைக்குள் ஓடியிருக்க வேண்டும். போகவில்லை. வந்து கையை நீட்டி வாங்கினேன். என் கை தானாக நீண்டது. நீங்கள் அந்தத் தண்ணீர் டம்ளரை வாங்கினீர்களே, அதே மாதிரி. கொழுப்பு மிதந்தது. பல் இடுக்கில் கறி சிக்கிய அத்தனை வாயும் என்னைப் பார்த்துத் திறந்திருந்தது. எனக்கு வாயில் தண்ணீர் ஊறியது, அப்பா. அவ்வளவு அசிங்கத்தைப் பார்த்துக்கொண்டே ஊறியது.

"எனக்கு வேணாம்" என்றேன்.

"வேணாம்னு சொல்ல இது என்ன கேக்கா? உங்கப்பன் பங்குடி."

"அவருக்கும் வேணாமாம்."

சித்தப்பாவின் முகம் மாறியது, அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அப்போது அம்மா என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. அவள் மேல் வெங்காய வாசனை அடித்தது. "அடுத்த ஆளுக்குக் குடு, தாசியோ. சோறு ஆறுது" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சித்தப்பா என் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தார். அடுத்தவர் வாங்கினார். யாரோ பாட்டு மெஷினைப் போட்டார்கள்.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் நீங்கள் எல்லோரும் தாண்டக்கூடாது, தாண்டக்கூடாது என்று பயந்த பங்கு, தாண்டிப் போயிற்று. கூரை இடிந்து விழவில்லை. இதை ஒருவர்கூடச் செய்து பார்க்கவில்லையே என்று நினைத்தால்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் குமட்டுகிறது. போன வருஷம் அம்மா அதே சமையலறையில்தான் நின்றாள், அதே நான்கு அடி தூரத்தில்.

படுத்த பிறகு அவள், "அவரா வரலைன்னு சொன்னாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு இன்றைக்கே எழுதுங்கள். பெயரைச் சொல்லி ஆரம்பியுங்கள்.

புத்தாண்டு வட்டத்துக்குச் சித்தப்பா மறுபடி கள்ளுக்குச் சொல்லியிருக்கிறார். அதற்கும் வராதீர்கள். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. இன்றைக்கு முடிந்தது அன்றைக்கும் முடியும் என்று தெரியாது.

சனிக்கிழமை சிஸ்டருடன் நான் அங்கே வருகிறேன். ஆசீர்வாதம் வாங்குகிற முறைப்படி உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்வேன். அப்போது உங்களை மோந்து பார்ப்பேன். தெரியும்படியாகத்தான் பார்ப்பேன், நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. பிறகு நீங்களும் என்னை மோந்து பாருங்கள்.

ஜெனலின்